வேர்ஜினியா வூல்ஃப்: வைத்தியர்கள் தேடாத சிறுபராயம்

1913ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் தன் மனைவியின் நோய்நிலையைத் தினமும் நாட்குறிப்பில் பதிந்துவந்தார். வேறு யாரும் வாசித்துவிடக்கூடாது என்பதற்காக அதை ஆங்கிலத்தில் எழுதவில்லை. தமிழ் எழுத்துக்களையும் சிங்கள எழுத்துக்களையும் கலந்து தனக்கென ஒரு இரகசியக் குறியீட்டை உருவாக்கி, அதில் எழுதினார். அந்த மனைவி, இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில இலக்கியத்தை மாற்றியமைத்தவர்களில் ஒருவரான வேர்ஜினியா வூல்ஃப். கணவர் லியோனார்ட் வூல்ஃப்.

லியோனார்ட்டுக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருந்தது தற்செயல் அல்ல. 1904 டிசம்பரில் சிவில் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்த அவர், முதலில் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தார். தமிழ் படித்தார். 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்புக் காலத்தில் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். அரபு நாடுகளிலிருந்தும் தமிழ்க் கரைகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து குவிந்த அந்தக் கரையில், அள்ளப்படும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு சுழியோடிகளுக்கு என்று பிரிக்கப்படுவதை மேற்பார்வை செய்தார். பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றிவிட்டு 1911இல் விடுமுறையில் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு வேலையை விட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில் வேர்ஜினியாவை மணந்தார்.

மன்னார் கரையில் கணக்கெழுதிப் பழகிய கை, இப்போது மனைவியின் நோயைக் கணக்கெழுதியது. இரவு நித்திரை எப்படி, தலைவலி இருந்ததா, சாப்பிட்டாரா, மனம் எப்படி இருந்தது. அக்கறையும் ஒழுங்கும் நிறைந்த பதிவு அது. ஆனால், அந்தப் பதிவிலும் சரி, அவரைப் பார்த்த வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டுகளிலும் சரி, ஒரு விடயத்துக்கு இடம் இருக்கவில்லை. அது, வேர்ஜினியாவின் சிறுபராயம்.

அந்த இடைவெளியைப் பற்றி மன்னார்க் கரையிலிருந்து பேச வேண்டிய காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் தாராபுரம், எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார்க் கிராமங்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, படகுகளில் கல்பிட்டி நோக்கிக் கொண்டுசெல்லப்பட்ட ஆறு வயதுப் பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அதே ஆண்டு தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறிய தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே வயது. இவர்களில் நித்திரையின்மை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, எதிலும் பிடிப்பின்மை என்று கிளினிக் வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வயதைப் பற்றி அவர்களிடம் யாராவது கேட்கிறார்களா என்பதுதான் கேள்வி. கேட்காமல் செய்யப்பட்ட சிகிச்சை ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வேர்ஜினியாவின் வாழ்க்கை ஓர் ஆவணம்.

புத்தகங்கள் நிறைந்த வீடு

வேர்ஜினியா 1882 ஜனவரி 25ஆம் திகதி லண்டன் கென்சிங்டனில், ஹைட் பார்க் கேட் 22ஆம் இலக்க வீட்டில் பிறந்தார். தந்தை லெஸ்லி ஸ்டீவன், பிரித்தானியாவின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர். தாய் ஜூலியா. இருவருக்கும் அது இரண்டாவது திருமணம். ஜூலியாவின் முதல் திருமணத்தில் பிறந்த ஜோர்ஜ், ஸ்டெல்லா, ஜெரல்ட் ஆகிய மூவரும், லெஸ்லியின் முதல் மனைவியின் மகள் லோராவும் அதே வீட்டில் வளர்ந்தார்கள். அவர்களோடு வேர்ஜினியா, அக்கா வனெசா, அண்ணன் தோபி, தம்பி ஏட்ரியன். ஆண் பிள்ளைகள் பாடசாலைக்கும் பின்னர் கேம்பிரிட்ஜுக்கும் போனார்கள். வேர்ஜினியா பெரும்பாலும் வீட்டிலேயே, தந்தையின் நூலகத்தில் படித்தார். கோடை மாதங்களில் குடும்பம் முழுவதும் கோர்ன்வால் கடற்கரையில் உள்ள சென்ட் ஐவ்ஸ் ஊருக்குப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் குறையில்லாத குடும்பம்.

அந்தக் கடற்கரை வீட்டில்தான், வேர்ஜினியா மிகச் சிறிய பிள்ளையாக இருந்தபோது, தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த ஜெரல்ட் அவரைப் பாலியல் ரீதியாகத் துஷ்பிரயோகம் செய்தார். தாய் இறந்த பின்னர், மற்றொரு மாற்றுச் சகோதரரான ஜோர்ஜின் அத்துமீறல்கள் அவரது இளமைக்காலம் வரை தொடர்ந்தன. இவை வேர்ஜினியா தாமே தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்தவை. வெளியாருக்கு ஜோர்ஜ் தாயற்ற தங்கைகளுக்குப் பரிசு வாங்கிக்கொடுக்கும், அவர்களை விருந்துகளுக்கு அழைத்துச் செல்லும் பாசமான அண்ணன். அந்த மதிப்பே தங்கைகளின் வாயை அடைத்தது.

இழப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1895 மே 5ஆம் திகதி தாய் ஜூலியா இறந்தபோது வேர்ஜினியாவுக்கு 13 வயது. தாயின் இடத்தில் நின்று குடும்பத்தைத் தாங்கிய ஸ்டெல்லா, 1897இல் திருமணமாகி மூன்றே மாதங்களில் இறந்தார். வீட்டில் துக்கம் கொண்டாட உரிமை தந்தைக்கு மட்டுமே இருந்தது போலாயிற்று. அவருடைய அழுகையையும் கோபத்தையும் தாங்குவது பெண் பிள்ளைகளின் வேலையானது. 1904 பெப்ரவரியில் அவரும் போனார். 1906 நவம்பரில் அண்ணன் தோபியை நெருப்புக்காய்ச்சல் கொண்டுபோனது.

பதினொரு ஆண்டுகளில் நான்கு மரணங்கள். அவற்றுக்கு அடியில், யாரிடமும் சொல்லமுடியாத ஓர் அவமானம். யுத்தத்தைக் கண்ட குடும்பங்களுக்கு இந்த அடுக்கு புதிதல்ல. மரணத்துக்குச் சடங்கு உண்டு, அழ இடம் உண்டு. அவமானத்துக்கு அவை கிடையாது.

பால், படுக்கை, மௌனம்

தாய் இறந்த கோடையிலேயே வேர்ஜினியா முதன்முதலாக நோயுற்றார். நாடித் துடிப்பு கட்டுக்கடங்காமல் ஓடியது. மனிதர்களைக் கண்டால் பயந்தார். குடும்ப வைத்தியர் பாடங்களை நிறுத்தச் சொன்னார். வெளியே நடக்கச் சொன்னார். 13 வயதுப் பிள்ளைக்குப் புத்தகங்கள் மட்டுமே துணையாக இருந்த நேரத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

தந்தை இறந்த சில மாதங்களில், 1904 மே மாதம், நோய் பெரிதாக வந்தது. காதில் குரல்கள் கேட்டன. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அப்போது அவரைப் பார்த்தவர் அக்கால இங்கிலாந்தின் பிரபல மனநோய் வைத்தியர் டொக்டர் ஜோர்ஜ் சாவேஜ். இந்த இடத்தில் ஒரு முக்கியமான தகவல் உண்டு. மாற்றுச் சகோதரர் ஜோர்ஜின் நடத்தையை அக்கா வனெசா டொக்டர் சாவேஜிடம் சொன்னதாகவும், அவர் அதுபற்றி ஜோர்ஜிடம் பேசியதாகவும் வனெசாவின் மகனும் வாழ்க்கை வரலாற்று ஆசிரியருமான குவென்டின் பெல் எழுதியிருக்கிறார். அப்படியானால், வைத்தியரின் காதுவரை விடயம் போயிருக்கிறது. ஆனால், அது சிகிச்சைக்குள் நுழையவில்லை. ஒரு கனவானைக் கண்டித்து முடித்துக்கொள்ளும் குடும்ப விவகாரமாகவே நின்றுவிட்டது. நோயாளியின் நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று யோசிக்கும் மருத்துவம் அன்று அங்கே இருக்கவில்லை.

இருந்தது ஓய்வுச் சிகிச்சை. சைலஸ் வியர் மிட்சல் என்ற அமெரிக்க வைத்தியர் பரப்பிய முறை அது. நோயாளியைக் குடும்பத்திலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரித்து, இருட்டறையில் படுக்கவைத்து, நிறையப் பால் குடிக்கக் கொடுத்து உடல் எடையைக் கூட்டுவார்கள். வாசிப்பும் எழுத்தும் தடை. 1910, 1912, 1913 ஆகிய ஆண்டுகளில் டொக்டர் சாவேஜின் ஆலோசனைப்படி ட்விக்கன்ஹாம் நகரில் உள்ள ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் வேர்ஜினியாவுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது.

1913இல் அங்கிருந்து வெளியே வந்த சில வாரங்களில் மீண்டும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அதே வீட்டில் தங்கியிருந்த இளம் வைத்தியர் ஜெஃப்ரி கெய்ன்ஸின் விரைவான உதவியால் உயிர் தப்பினார். லியோனார்ட்டின் தமிழ்–சிங்களக் குறியீடு இந்தக் காலத்துக்கு உரியது. 1915இல் நோய் இன்னும் கடுமையாகத் திரும்பியது. மாதக்கணக்கில் தாதியர் வீட்டிலேயே தங்கிப் பார்த்தார்கள். 1922இல், விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்குப் பல்லில் உள்ள கிருமியே காரணம் என்று கருதி மூன்று பற்களைப் பிடுங்கினார்கள்.

நித்திரை, உணவு, எடை, பல் எல்லாவற்றையும் மருத்துவம் பார்த்தது. அன்றைய வைத்தியர்களை இதற்காக மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் 1950களில்தான் வந்தன. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் பயன்படும் என்பது 1949இல்தான் தெரியவந்தது. அவர்களிடம் கருவிகள் இல்லை. ஆனாலும், படுக்கையில் அசையாமல் கிடக்கச் சொல்லி, பேசாதே என்று சொல்லி, தன் உடலின் மீது தனக்கு உரிமையில்லை என்று உணரவைக்கும் ஒரு சிகிச்சை, சிறுவயதில் தன் உடல் தன் வசம் இல்லாமல் போன ஒருவருக்கு என்ன செய்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தச் சிகிச்சையை வேர்ஜினியா கடைசிவரை வெறுத்தார்.

இந்தக் காலத்தின் இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். வேர்ஜினியாவின் முதல் நாவலான த வொயேஜ் அவுட் 1915இல் வெளியானது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் உரிமையாளர், சிறுவயதில் அவரைத் துஷ்பிரயோகம் செய்த அதே ஜெரல்ட் டக்வர்த். கையெழுத்துப் பிரதியைத் தன்னைக் காயப்படுத்தியவரின் நிறுவனத்திடமே ஒப்படைத்து, ஏற்றுக்கொள்ளப்படுமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. 1917இல் கணவனும் மனைவியும் ஒரு சிறிய கை அச்சியந்திரத்தை வாங்கி ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். பின்னர் தன் நாவல்களைத் தானே வெளியிடும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது அதனால்தான். தனக்குத் தீங்கு செய்தவரோடு ஒரே ஊரில், ஒரே சொந்தத்துக்குள், சில நேரம் அவர் தயவிலேயே வாழவேண்டிய நிலை எமது ஊர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

எழுதி எழுதி மீண்ட காலம்

1915க்குப் பின்னரான இருபத்தைந்து ஆண்டுகளில், தலைவலியும் நித்திரையின்மையும் விட்டு விட்டு வந்தாலும், வேர்ஜினியா தன் முக்கிய படைப்புகள் அனைத்தையும் எழுதினார். அவற்றில் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும்.

1925இல் வெளியான மிஸிஸ் டலோவே நாவலில் செப்டிமஸ் என்ற இளைஞன் வருகிறான். முதலாம் உலகப் போரில் தன் கண் முன்னே நண்பன் சாவதைக் கண்டவன். ஊர் திரும்பிய பின் அந்த நண்பனைக் காண்கிறான், அவனோடு பேசுகிறான். ஒரு வைத்தியர் அவனுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்புகிறார். இன்னொருவர், பெரிய பெயர் பெற்றவர், முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிவெடுத்து ஓய்வு இல்லத்துக்கு அனுப்பப் பார்க்கிறார். அவன் கண்டதைக் கேட்க யாரும் இல்லை. அந்தக் கதை நல்லபடியாக முடியவில்லை. தன் வைத்தியர்களைப் பற்றி வேர்ஜினியா எழுதிய நோயாளியின் அறிக்கை என்று அந்தப் பகுதிகளை வாசிக்கலாம். போரின் காயத்தையும் வீட்டுக்குள் பட்ட காயத்தையும் வைத்தியர்கள் ஒரே விதமாகவே கவனிக்கத் தவறினார்கள் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1927இல் வெளியான டு த லைட்ஹவுஸ் நாவல் தாயையும் தந்தையையும் கடற்கரை வீட்டையும் பற்றியது. நாற்பது வயதைத் தாண்டும்வரை இறந்த தாயின் குரலும் உருவமும் தன்னை விடாமல் பின்தொடர்ந்ததாகவும், அந்த நாவலை எழுதி முடித்ததோடு அது நின்றுபோனதாகவும் பின்னாளில் அவர் பதிந்தார். உளப்பகுப்பாய்வாளர்கள் தம் நோயாளிகளுக்குச் செய்வதைத் தான் தனக்கே செய்துகொண்டிருக்கலாம் என்பது அவருடைய ஊகம். வைத்தியர்கள் எழுதக்கூடாது என்று தடுத்தார்களே, அந்த எழுத்துத்தான் அவருக்குக் கைகொடுத்தது.

ஹோகார்த் பதிப்பகம் 1924 முதல் சிக்மண்ட் பிராய்டின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டுவந்தது. தம்பி ஏட்ரியனும் அவர் மனைவியும் உளப்பகுப்பாய்வாளர்களாகப் பயிற்சி பெற்றவர்கள். பேசிக் குணப்படுத்தும் முறை அவர் வீட்டு வாசல்வரை வந்திருந்தது. ஆனால், வேர்ஜினியா ஒருபோதும் அந்தச் சிகிச்சையைப் பெறவில்லை.

மீண்டும் போர்

1939 ஜனவரி 28ஆம் திகதி, நாசிகளிடமிருந்து தப்பி லண்டனில் தஞ்சமடைந்திருந்த பிராய்டை வேர்ஜினியாவும் லியோனார்ட்டும் சந்தித்தார்கள். முதியவர் வேர்ஜினியாவுக்கு ஒரு பூவைக் கொடுத்தார். அவ்வருடம் ஏப்ரலில் வேர்ஜினியா தன் சிறுபராயத்தைப் பற்றிய நினைவுக் குறிப்பொன்றை எழுதத் தொடங்கினார். தாயின் மரணம், கடற்கரை வீடு, ஜெரல்ட் செய்தது எல்லாம் அதில் வந்தன. ஐம்பது ஆண்டுகளாக உள்ளே கிடந்தது இப்போது தாளுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் போர் வெடித்தது. அந்தக் குறிப்பு அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1976இல்தான் நூலாக வெளியானது.

மூடிக்கிடந்த கதவு திறந்த நேரமும் தலைக்கு மேல் விமானங்கள் பறந்த நேரமும் ஒன்றாயின. 1940 இலையுதிர் காலத்தில் அவர்களுடைய லண்டன் வீடுகள் இரண்டும் குண்டுவீச்சில் சேதமடைந்தன. சசெக்ஸ் மாவட்டத்தின் ரொட்மெல் கிராமத்து வீட்டுக்கு மேலாகவே ஜேர்மன் விமானங்கள் லண்டனுக்குப் பறந்தன. லியோனார்ட் யூதர். ஹிட்லரின் படை கரையிறங்கினால் என்ன நடக்கும் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். நண்பர்களின் வருகை குறைந்தது. லண்டன் தெருக்களில் நடக்கும் பழக்கமும் நின்றது. சிறுவயதுக் காயத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத் தேவையான பாதுகாப்பும் துணையும் எந்தப் பக்கமும் இருக்கவில்லை.

1941 ஜனவரியில் தோழியும் இசையமைப்பாளருமான எதல் ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தில், சிறுவயதில் ஜெரல்ட் செய்ததை நினைத்தால் இன்னும் வெட்கத்தில் உடல் நடுங்குவதாகக் குறிப்பிட்டார். அவருக்கு அப்போது 59 வயதாகப் போகிறது. தப்புச் செய்தவர் 1937இலேயே இறந்துவிட்டார். வெட்கம் மட்டும் பாதிக்கப்பட்டவரிடம் மிஞ்சியிருந்தது.

அந்தக் கடைசி மாதங்களில் அவரைக் கவனித்தவர் பிரைட்டன் நகரில் பணியாற்றிய டொக்டர் ஒக்டேவியா வில்பர்ஃபோர்ஸ் என்ற பெண் வைத்தியர். பங்கீட்டுக் காலத்தில் தன் பண்ணையிலிருந்து பாலும் பாலாடையும் கொண்டுவந்து கொடுத்த நல்ல மனிதர். மார்ச் 27ஆம் திகதி அவரிடம் போனபோது, ஓய்வுச் சிகிச்சைக்கு அனுப்பமாட்டேன் என்று வாக்குத் தரும்படி வேர்ஜினியா கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்த இருட்டறையின் பயம் அப்படியே இருந்தது. மறுநாள், 1941 மார்ச் 28ஆம் திகதி, வேர்ஜினியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய நோய்க்குச் சிறுபராயத் துஷ்பிரயோகமே காரணம் என்று 1989இல் லூயிஸ் டிசால்வோ ஒரு நூலில் வாதிட்டார். அது பரம்பரையாக வரும் மனநிலை ஏற்ற இறக்க நோய் என்று 1992இல் தோமஸ் கரமாக்னோ இன்னொரு நூலில் வாதிட்டார். தந்தை வழியில் மனநோய் இருந்ததும் உண்மை. ஒன்றை ஏற்பதற்காக மற்றதை மறுக்க வேண்டியதில்லை. விதை எங்கிருந்து வந்தாலும் அது விழுந்த நிலம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். நிலத்தைப் பார்க்காமலே மருந்திட்டார்கள் என்பதுதான் இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

இன்று மருத்துவம் அறிந்தவை

1998இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் துஷ்பிரயோகம், வீட்டு வன்முறை போன்ற துன்ப அனுபவங்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சந்தித்தவர்களுக்கு, எதையும் சந்திக்காதவர்களைவிட மனச்சோர்வு, குடிப்பழக்கம், போதைப்பொருள் பாவனை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்குவரை அதிகம் என்று காட்டியது. 2000ஆம் ஆண்டு கிறிஸ்டின் ஹைம் குழுவினர் செய்த ஆய்வு உடலுக்குள் நடப்பதைக் காட்டியது. சிறுவயதில் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பெண்களை மற்றவர்கள் முன்னிலையில் பேசவைத்து, மனக்கணக்குச் செய்யவைத்தபோது, அவர்களின் அழுத்த ஹோர்மோன்களும் இதயத் துடிப்பும் ஏனையோரைவிட அதிகமாக உயர்ந்தன. ஆபத்து நேரத்தில் அடிக்க வேண்டிய உடலின் எச்சரிக்கை மணி, சிறுவயதிலேயே பழுதாகிச் சின்னச் சத்தத்துக்கும் அடிக்கத் தொடங்குகிறது. 13 வயது வேர்ஜினியாவின் நாடி ஓடிய ஓட்டத்துக்கு இது ஒரு விளக்கமாக இருக்கக்கூடும்.

சிகிச்சைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்ன? 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவதற்கும் நீடித்து நிற்பதற்குமான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. சிகிச்சைக்கு அது கட்டுப்படுவதும் குறைவு. சார்ள்ஸ் நெமரோஃப் குழுவினர் நாட்பட்ட மனச்சோர்வுள்ள 681 பேரிடம் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் பெற்றோரை இழந்தவர்களுக்கும் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர்களுக்கும் மருந்து மட்டும் கொடுப்பதைவிட உளவளச் சிகிச்சை கூடிய பலன் தந்தது.

இதை வாசித்து யாரும் மனம் தளரத் தேவையில்லை. 2022இல் 29 ஆய்வுகளைச் சேர்ந்த 6,830 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிறுவயதுக் காயம் உள்ளவர்கள் கூடிய நோய்ச்சுமையோடு சிகிச்சைக்கு வருகிறார்கள், சிகிச்சையின் முடிவிலும் கொஞ்சம் கூடிய சுமை அவர்களிடம் மிஞ்சுகிறது. ஆனால், சிகிச்சையால் கிடைக்கும் முன்னேற்றம் மற்றவர்களுக்குக் கிடைப்பதற்குக் குறைவில்லை. மருந்துக்கும் இது பொருந்தும், பேச்சுச் சிகிச்சைக்கும் பொருந்தும். சிறுவயதில் அடிபட்டவருக்கு மருந்து வேலை செய்யாது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அவர் தொடங்கும் இடம் மற்றவர்களைவிடப் பின்னால் இருக்கிறது, அதனால் கூடிய காலமும் கூடிய துணையும் தேவைப்படுகின்றன என்பதே சரி.

எமது கிளினிக்குகளில்

வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் 82.4 வீதமானோர் குறைந்தது ஒரு யுத்த அனுபவத்தையாவது சந்தித்தவர்கள் என்றது. 95.6 வீதமானோர் வீட்டுக்குள் ஏதோவொரு வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். தந்தையின் குடிப்பழக்கம் அதோடு தொடர்புபட்டிருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு அப்போதே மனச்சோர்வு இருந்தது. அவர்கள் இன்று பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள்.

வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்த 450 பேரிடம், இரு தசாப்தங்களின் பின் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, 18.8 வீதமானோருக்குப் பொதுவான உளநோய் ஏதோவொன்று இருப்பதைக் கண்டது. அதில் முதலிடம் மனச்சோர்வுக்கு அல்ல. காரணம் பிடிபடாத உடல் வலிகளுக்கும் உபாதைகளுக்கும்தான், 14 வீதம். மனம் சொல்ல முடியாததை உடல் சொல்கிறது. வேர்ஜினியாவின் தலைவலியைப் போல, எமது மக்களின் நாரி வலியும் நெஞ்செரிவும் விறைப்பும் வைத்தியசாலை வரிசைக்கு வருகின்றன. மாத்திரையோடு திரும்பிப் போகின்றன.

எமது சூழலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யுத்தத்தில் பட்டதைப் பற்றிப் பேச ஓரளவுக்காவது சொற்கள் உண்டு. ஷெல், இடப்பெயர்வு, முகாம், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று ஊரே சேர்ந்து சொல்லும் சொற்கள் அவை. முகாமில் நெருக்கியடித்துப் படுத்த இரவுகளில் தெரிந்தவர் ஒருவரால், சொந்தக்காரர் ஒருவரால் பிள்ளைக்கு நடந்ததற்கு அப்படிச் சொல் இல்லை. பெரிய துயரத்துக்குள் சின்னத் துயரம் என்று அது மறைக்கப்பட்டது. தங்கை தம்பிகளின் எதிர்காலம், குடும்ப மானம், கலியாணம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ஹைட் பார்க் கேட் வீட்டில் பாசமான அண்ணனின் நற்பெயர் செய்த வேலையை எமது ஊரில் இவை செய்கின்றன.

அதற்காக, கிளினிக்குக்கு வரும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பழையதைக் கிளற வேண்டும் என்றில்லை. பேரழிவு நடந்தவுடன் பாதிக்கப்பட்டவர்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பது ஆய்வுகளில் தெரிந்த விடயம். வேர்ஜினியாவின் கடைசி இரண்டு ஆண்டுகளும், பாதுகாப்பில்லாத நேரத்தில் தனியே பழையதைத் திறப்பது எவ்வளவு பாரமானது என்பதை நினைவூட்டுகின்றன. கேள்வி மெதுவாக, தனிமையில், பதில் சொல்லாமல் விடும் உரிமையோடு கேட்கப்பட வேண்டும். சொன்ன பின் அவரைத் தனியே விடாத ஒழுங்கும் இருக்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் மருந்து, கூடவே உளவளத்துணை, வீட்டில் ஒருவரின் துணை. மூன்றும் சேர வேண்டும்.

கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இது எப்படி முடியும் என்று வைத்தியர்கள் கேட்பது நியாயம். முழுக் கதையும் முதல் நாளே தேவையில்லை. சின்ன வயதில் பெரிய கஷ்டம் ஏதாவது இருந்ததா, இருந்தால் அதை இப்போது பேச விருப்பமா, பிறகு பேசுவோமா என்ற ஒரு கேள்வி ஒரு நிமிடத்தில் முடியும். அடுத்த முறை அவர் வரும்போது சொல்வதற்கு அது வாசலைத் திறந்துவைக்கும்.

நோயாளியின் பக்கமும் ஒன்று உண்டு. மருந்து எடுத்தும் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறதென்றால், மருந்தைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். அடுத்த தவணையில் வைத்தியரிடம் அல்லது உளவளத்துணையாளரிடம் சிறுவயதில் நடந்த ஒன்று மனதில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாலும் போதும். விபரம் பிறகு சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தவணைவரை காத்திருக்கக்கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம், அல்லது வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லி வைத்தியசாலைக்குப் போகலாம்.

மனைவி இறந்த பின்னர் லியோனார்ட் இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1960இல் மீண்டும் இலங்கைக்கு வந்து, இளம் வயதில் வேலை பார்த்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார். மறிச்சுக்கட்டியில் கழித்த நாட்களைத் தன் சுயசரிதையில் எழுதினார். மனைவியின் நோயை அவரளவுக்கு நெருங்கிக் கவனித்தவர் எவருமில்லை. அவர் அன்று தமிழ் எழுத்தில் குறித்துவைத்தவை நித்திரையும் உணவும் தலைவலியும். இன்று எங்கள் பக்கத்தில் ஒரு நோயாளியைக் கவனிப்பவர்கள் அவற்றோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம். இவர் பிள்ளையாக இருந்தபோது எங்கே இருந்தார், யாரோடு இருந்தார், அங்கே அவருக்குப் பாதுகாப்பு இருந்ததா.